பச்சை வட்டம்

தாமரையின் வீட்டில் யாரும் யாரையும் கட்டாயப்படுத்தியது கிடையாது. அவளுடைய அம்மா மாரியாயி இதைக் கோயிலிலும் பாசாரிலும் கல்யாண வீடுகளிலும் சொல்லிச் சொல்லி, கிள்ளானில் பாதிப் பேருக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. "நாங்க புள்ளைங்கள கேக்காம ஒண்ணும் செய்ய மாட்டோம்" என்பார். கேட்பார்கள், அது உண்மைதான். என்ன குழம்பு வைக்கலாம் என்று கேட்பார்கள், தீபாவளிச் சேலைக்கு என்ன நிறம் என்று கேட்பார்கள். பெரிய விஷயம் என்று வரும்போது மட்டும், கேட்பதற்கு முன்னாலேயே பதில் எங்கிருந்தாவது வந்து சேர்ந்துவிடும். மூத்தவள் மாதவியின் கல்யாணத்துக்கு அது ஜாதகத்திலிருந்து வந்தது. இளையவள் தாமரைக்கு எங்கிருந்து வந்தது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

தாமரை கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதகர். கெட்டிக்காரி. முப்பதைத் தாண்டியவள், கல்யாணம் ஆகாதவள், சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய கார் வைத்திருந்தவள். அந்தக் கார் ஒரு பெருமழை நாளில் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டது. தண்ணீர் கண்ணாடி வரைக்கும் ஏறியதும் கதவு திறக்கவில்லை. ஜன்னல் வழியாக எப்படியோ வெளியேறி, காரின் கூரை மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள். மழை நிற்காமல் தலையிலும் தகரத்திலும் அடித்துக்கொண்டே இருக்க, ஒரு லோரிக்காரர் வந்து இழுத்துக்கொள்ளும்வரை அங்கேயே இருந்தாள்.

உடம்பில் ஒரு கீறல் இல்லை. அதனால் எல்லாரும் கடவுள் காப்பாற்றிவிட்டார் என்று சொல்லி அந்தப் பேச்சை முடித்துக்கொண்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு மழை கூரையில் விழும் சத்தம் கேட்டால் தாமரைக்கு நெஞ்சு அடைத்தது, விரல்கள் மரத்துப்போயின. கடையில் ஒருவரின் கண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுந்துபோய், பெட்டிகள் அடுக்கிய பின்னறையில் காதைப் பொத்திக்கொண்டு உட்காருவாள். முதலாளி நல்ல மனிதர், "ரெஸ்ட் எடு மா" என்பதோடு விட்டுவிடுவார். அம்மா கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டினார், மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள், அது தூங்கத்தான் வைத்தது. கிள்ளானில் மழைக்கா பஞ்சம்? அவள் வாழ்க்கை வானிலை அறிக்கையைப் பார்த்து நடக்கிற வாழ்க்கையாகிவிட்டது.

பிரிக்பீல்ட்ஸில் இருந்த ஒரு கிளினிக்கைக் கண்டுபிடித்தது அக்கா மாதவிதான். மூளையின் அலைகளை அளந்து, அந்த அலைகளை வைத்தே மூளைக்குப் பயிற்சி கொடுக்கிற வைத்தியம். அங்கே இருந்த மனநல நிபுணர் மெய்யம்மை முதல் நாளே வெளிப்படையாகப் பேசிவிட்டார். "இது எல்லாருக்கும் வேலை செய்யும்னு நான் சொல்ல மாட்டேன். பேச்சு சிகிச்சையும் கூடவே போகணும். பொறுமையா வந்தா முயற்சி பண்ணிப் பாக்கலாம்." அதைக் கேட்டதும் தாமரைக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது. அதுவரை அவளிடம் பேசிய எல்லாரும் கட்டாயம் சரியாகிவிடும் என்றே சொல்லியிருந்தார்கள்.

தலையில் அங்கங்கே பசை தடவிச் சிறிய வில்லைகளை ஒட்டுவார்கள். எதிரே திரையில் ஒரு ரயில் போய்க்கொண்டிருக்கும், மலையும் குகையும் வயலுமாக. மூளையில் பதற்றத்தின் வேகமான அலைகள் கிளம்பினால் படம் மங்கும், அடங்கினால் பளிச்சென்று தெளியும். இதைச் செய், அதைச் செய் என்று யாரும் சொல்வதில்லை. படம் தெளிய வேண்டும் என்கிற ஆசையிலேயே மூளை தானாக ஒரு வழியைக் கற்றுக்கொள்ளும் என்பதுதான் இதன் சூட்சுமம். முதலில் ரயில் பனிமூட்டத்திலேயே ஓடியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வயல் தெரிந்தது, வயலில் நின்ற மாடு தெரிந்தது.

சனிக்கிழமைதோறும் மாதவி பூச்சோங்கிலிருந்து காரில் கிள்ளானுக்கு வந்து, தங்கையை ஏற்றிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் போவாள். தன் வீட்டு வேலையும் பிள்ளைகளும் அவள் கணவன் லோகன் தலையில். பயிற்சி முடியும்வரை பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். திரும்பும் வழியில் வடையும் தேத்தண்ணியும். வீட்டுக்கு வந்ததும் தாமரையைக் குளியலறையில் முக்காலி போட்டு உட்கார வைத்து, முடியில் காய்ந்து போயிருக்கும் பசையை வெந்நீர் விட்டுக் கரைத்து, சிக்கெடுத்து, அலசி விடுவாள். அப்பா போன பிறகு அந்த வீட்டில் தாமரையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது அக்கா ஒருத்திதான். அம்மாவுக்குப் பாசம் வாயில் மட்டும்.

அப்படி ஒரு தலைமுழுக்கின்போதுதான் தாமரை அதைச் சொன்னாள். அம்மா மாப்பிள்ளைப் படங்களைப் போனில் வரவழைத்துக்கொண்டிருந்த சமயம் அது.

"எனக்கு இப்ப கல்யாணம் வேணாம் க்கா. இது சரியாகட்டும். தெரியாத ஒரு வீட்ல மழை வந்து, அவங்க முன்னாடி நான் இப்படி உக்காந்துட்டா? அதை நெனச்சாலே எனக்கு மூச்சு வரல. அம்மாகிட்ட நீயே சொல்லிடு. நான் சொன்னா கேக்க மாட்டாங்க."

"நான் பாத்துக்கறேன் லா. நீ தலைய ஆட்டாம இரு" என்றாள் மாதவி.

இதற்குமேல் ஒரு மனுஷி தன் மனதை எப்படித் திறந்து சொல்ல முடியும்? தாமரை நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாள்.

பயிற்சி பிடிபட ஆரம்பித்ததும், வீட்டிலும் தினமும் செய்யட்டும் என்று மெய்யம்மை ஒரு தலைப்பட்டையைக் கொடுத்தார். பசை கிடையாது, நெற்றியில் மாட்டிக்கொண்டால் போதும். கூடவே ஒரு சிறிய கையடக்கத் திரை. அதில் ஒரு வட்டம் சிவப்பிலிருந்து மஞ்சளாகி, அடங்க அடங்கப் பச்சையாகும். காதில் ஏதாவது மென்மையான ஒலி ஓடிக்கொண்டிருக்கும். வீட்டில் நம்பிக்கையான ஒருவர் தன் போனிலிருந்தே அதைப் பார்த்துக்கொள்ளலாம், ஒலிகளை மாற்றி வைக்கலாம். "அக்காவையே போட்டுடலாமா?" என்று மெய்யம்மை கேட்டபோது, தாமரை வேறு யாரைச் சொல்வாள்?

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க" என்றார் மெய்யம்மை, இருவரையும் பார்த்து. "இது பயிற்சிக்கு ஒரு கைப்பிடி, அவ்ளோதான். ஒருத்தர் மனசுல என்னா ஓடுதுன்னு இதுக்குத் தெரியாது."

மாதவி பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் போலத் தலையாட்டினாள். அப்படித் தலையாட்டுகிறவர்கள் எதையும் காதில் வாங்குவதில்லை என்பது ஊருக்கே தெரியும், பாவம், மெய்யம்மைக்குத் தெரியவில்லை.

அந்தக் கருவியில் இருந்த ஆங்கிலக் குரல் தாமரைக்கு எரிச்சலூட்டியது. மூச்சை இழு, விடு என்று ஏதோ விமானப் பணிப்பெண் மாதிரி. அதை அக்காவிடம் சொன்னாள். அடுத்த வாரமே அதில் தமிழ்க் குரல்கள் வந்துவிட்டன.

"எனக்குத் தெரிஞ்ச பசங்க சும்மா படிச்சு அனுப்பினாங்க. கேட்டுப் பாரு, எது புடிக்குதோ அத வச்சுக்கோ" என்றாள் மாதவி.

தாமரைக்கு அழுகையே வந்துவிட்டது. தங்கைக்கு ஒரு குரல் பிடிக்கவில்லை என்றதும் யார் யாரிடமோ கேட்டு வாங்கி வருகிற அக்கா யாருக்குக் கிடைப்பாள்? குரல்களைக் கேட்டாள். ஒருவன் மேடைப் பேச்சாளனைப் போல முழங்கினான், கேட்டாலே தோள் விறைத்தது. இன்னொருவன் வானொலி அறிவிப்பாளன் என்று தன்னை நினைத்துக்கொண்டு குழைந்தான். மூன்றாமவன்தான் வேடிக்கை. அவன் வீட்டில் தமிழில் வேறெதுவும் இல்லை போலிருக்கிறது, ஏதோ ஒரு கோயில் கும்பாபிஷேக மலரை எடுத்துத் தலைவர் உரையை அப்படியே படித்திருந்தான். தலைவர் எல்லாருக்கும் நன்றி சொல்கிறார். பந்தல் போட்டவருக்கு நன்றி, பால் கொடுத்தவருக்கு நன்றி, வாகனங்களை ஒழுங்காக நிறுத்திய பொதுமக்களுக்கு நன்றி. ஏற்றம் இறக்கம் இல்லாத, சற்றே மூக்கடைத்த குரல். பால் கொடுத்தவரைத் தாண்டுவதற்குள் தாமரைக்குக் கண் சொருகிவிடும். வேலை முடிந்து வந்த களைப்பில் அதைக் கேட்டபடியே பட்டையோடு தூங்கிப்போவாள். அது ஒரு சுகமாக இருந்தது. அதையே வைத்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா, "நல்ல சேலையா ஒண்ணு கட்டிக்கோ, மாதவிக்குத் தெரிஞ்சவங்க வராங்க" என்றார். தாமரை ஒன்றும் பச்சைக் குழந்தை இல்லை. உடனே அக்காவுக்குப் போன் போட்டாள்.

"பொண்ணு பாக்கவா வராங்க?"

"இல்ல லா. சும்மா வராங்க. நீ ரொம்ப யோசிக்காத."

அக்கா சொன்னால் சரி. தாமரை ஊதா நிறச் சேலை கட்டினாள், கோப்பி கலக்கினாள், தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். ஒரு நடுத்தர வயது அம்மாள், ஒரு மாமா, ஒரு மகன். மகன் பெயர் குகன், ஏர்கோன் பழுதுபார்க்கும் கம்பெனி நடத்துகிறான் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். தாமரை அவனிடம் கோப்பையை நீட்டினாள்.

"ரொம்ப நன்றி" என்றான் அவன்.

தாமரையின் கை நின்றது. அந்த நன்றியை எத்தனையோ மாலைகளில் அவள் கேட்டிருக்கிறாள். அதே மூக்கு, அதே இழுப்பு. முதலில் அவளுக்கு வந்தது மகிழ்ச்சிதான், அதை மறைப்பானேன்? தினமும் கேட்கிற குரலுக்கு ஒரு முகம் கிடைத்தால் யாருக்கும் சிரிப்பு வரும்.

"நீங்கதானா அந்தக் கும்பாபிஷேக மலர்?" என்று கேட்டுவிட்டாள்.

அறையே கொல்லென்று சிரித்தது. சிரித்த விதத்தில் ஏதோ கூடுதலாக இருந்தது. குகனின் அம்மா தன் தொடையில் தட்டிக்கொண்டார். "பாத்தீங்களா! கொரல வச்சே கண்டுபுடிச்சிருச்சு! சும்மாவா? மத்த பசங்க கொரலுக்கெல்லாம் செவப்பு, மஞ்சளாம். எம்புள்ள கொரலுக்கு மட்டும் பச்சையாம், ஒவ்வொரு நாளும் பச்சையாம்!"

"என்னா பச்சை?" என்றாள் தாமரை.

யாரும் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. மாமா மட்டும் எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார். "இந்தக் காலத்துல ஜாதகம் எல்லாம் என்னாத்துக்கு? இது சைன்ஸ் லா. பொண்ணு வெக்கப்பட்டு ஒண்ணும் சொல்லாது. மூளை சொல்லிடும்." தாமரையின் அம்மாவும் சேர்ந்துகொண்டார். "நாங்க எப்பவும் புள்ளைங்கள கட்டாயப்படுத்த மாட்டோம். அவ மனசே சொல்லிருச்சு, அப்பறம் நாம என்னா சொல்றது?"

விருந்தாளிகளோடு வந்திருந்த மாதவி தன் போனைக் கையில் வைத்திருந்தாள். அதில் வளைகோடுகள், தேதி தேதியாக. எல்லாரும் ஏற்கெனவே பார்த்து முடித்த மாதிரி இருந்தது. "அது ஒரு தியான மெஷின் ஆன்டி. மனச அமைதியா வச்சுக்கறதுக்கு. இவ ரொம்ப நாளா தியானம் பண்றா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள், தங்கையின் முகத்தைப் பார்க்காமல். கதவு ஓரத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், பூ என்று தட்டுகள் வரிசையாக இருந்தன. வரும்போது அவற்றை யாரோ துணி போட்டு மூடிக் கொண்டுவந்திருக்கிறார்கள். பார்க்க வரவில்லை, முடிக்க வந்திருக்கிறார்கள்.

தாமரைக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் முதலில் முதுகுதான் கூசியது. தன் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணை மூடி, உலகத்தில் யாருமே இல்லை என்று நினைத்து அவள் கிடந்த அந்த நேரமெல்லாம் பூச்சோங்கில் உட்கார்ந்து அக்கா பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு குரலை வைப்பது, வட்டத்தைப் பார்ப்பது, எடுப்பது, இன்னொன்றை வைப்பது. சட்டைத் துணிக்குப் பித்தான் பொருத்திப் பார்ப்பதுபோல அவளுக்கு ஆண்பிள்ளைகளைப் பொருத்திப் பார்த்திருக்கிறாள்.

"அக்கா, உள்ள வா" என்றாள்.

சமையலறையில் மாதவி முந்திக்கொண்டாள். "சத்தம் போடாத. வெளிய கேக்கும்."

"நான் உங்கிட்ட என்னா சொன்னேன்? வேணாம்னு சொன்னேனா இல்லியா?"

"சொன்ன. ஆனா அது உன் பயம் சொன்னது தாமர. நீ சொன்னது இல்ல. உள்ள நீ எவ்ளோ அமைதியா இருந்தேன்னு நான் பாத்தேன். அவர் பேச ஆரம்பிச்சதும் அப்படியே அடங்கிடற. ஒரு நாள் இல்ல, தெனமும். உனக்கே தெரியாம உனக்குப் புடிச்சிருக்கு."

"தூங்கிட்டிருந்தேன் க்கா."

"என்னா?"

"தூங்கிட்டிருந்தேன். அந்த ஆளு பந்தல்காரருக்கு நன்றி சொன்னா எனக்குத் தூக்கம் வந்துரும். தூங்கினா வட்டம் பச்சையாத்தான் ஆவும். நீ ஒரு ஆட்டுக்குட்டிக்கு மாட்டி வுட்டாலும் பச்சையாத்தான் ஆவும்."

மாதவியின் முகத்தில் ஒரு கணம் தடுமாற்றம் தெரிந்தது. ஆனால் அத்தனை பேர் முன்னறையில் உட்கார்ந்திருக்கிறார்கள், தட்டுகள் வந்துவிட்டன. தடுமாற்றத்துக்கு இடமில்லை. "வாய் ஆயிரம் சொல்லும்" என்றாள்.

"என் கடையிலயும் மெஷின் இருக்கு. கண்ணைப் பாத்து ஒரு நம்பர் சொல்லும். சொன்ன பொறவும் நான் ஆளைக் கேப்பேன், இது தெளிவா, அது தெளிவான்னு. கேக்காம கண்ணாடி போட்டுக் குடுத்தா அடுத்த நாளே கொண்டாந்து மேசை மேல வச்சிருவாங்க. கண்ணாடின்னா மாத்திக் குடுக்கலாம். இத என்னா பண்ணுவ?"

 தாமரை அக்காவைத் தாண்டி முன்னறைக்கு நடந்தாள்.  

"ஆன்டி, மன்னிச்சிருங்க. இது தியான மெஷின் இல்ல. வெள்ளத்துல மாட்டினதுலேருந்து எனக்கு மழைச் சத்தம்னா பயம். ரொம்பப் பயம், மூச்சு முட்டும். அதுக்கு வைத்தியம் பாக்கறேன். உங்க மகன் குரல் கேட்டா நான் தூங்கிருவேன், அதான் பச்சை. வேற ஒண்ணும் இல்ல. எங்கிட்ட யாரும் கேக்கல. கேட்டிருந்தா இப்ப வேணாம்னு சொல்லியிருப்பேன்."

 அந்த நேரம் பார்த்துக் குகனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. "எனக்கே அதப் படிக்கும்போது தூக்கம் வந்துச்சுங்க" என்றான். "யாரோ ஒருத்தருக்கு ஹெல்ப்புன்னு சொன்னாங்க, படிச்சேன். இதுக்குன்னு நேத்துதான் தெரியும். தெரிஞ்ச பொறவாவது நானே உங்கள கேட்டிருக்கணும்."

அன்று அந்த வீட்டில் பேசப்பட்ட பேச்சில் யோக்கியமான பேச்சு அது ஒன்றுதான். அவன் அம்மா அவன் முழங்கையைப் பிடித்து எழுப்பினார். தட்டுகளை மறுபடி துணி போட்டு மூடிக் காரில் ஏற்றினார்கள். "நோயாளிப் பொண்ண தலையில கட்டப் பாத்தீங்களே" என்று மாமா வாசலில் நின்று சொன்னது பக்கத்து வீட்டுக்கும் கேட்டது.

அதன் பிறகு அம்மா தாமரையிடம் பேசவில்லை. கட்டாயப்படுத்தாத வீடுகளில் பேசாமல் இருப்பதுதான் கட்டாயம். சோற்றை மேசையில் வைத்துவிட்டு, அழைப்பதற்குப் பதிலாகப் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக நகர்த்துவார். மாதவி வரவில்லை, போனும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை தாமரை தனியாகக் கொமுட்டர் ரயில் ஏறினாள். பாதி வழியில் மழை பிடித்தது. ரயில் பெட்டியின் கூரையில் சடசடவென்று அடித்தது, நெஞ்சு அடைக்கத் தொடங்கியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, மலையும் வயலும் தெரிகிற அந்த இன்னொரு ரயிலை நினைத்து, மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். மோசமாக இருந்தது. ஆனால் இறங்கி ஓடவில்லை. முன்பென்றால் ஓடியிருப்பாள். சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கி நனைந்துகொண்டே பிரிக்பீல்ட்ஸுக்கு நடந்தபோது, இதைச் சொல்ல முதலில் நினைவுக்கு வந்தது அக்காதான். அதை நினைத்ததும் மழையைவிட அது பெரிய வலியாக இருந்தது.

கிளினிக்கில் வில்லைகளை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ரயில் கிளம்பியது, உடனே மங்கியது. தெளியவே இல்லை. கண்ணை மூடினால் யாரோ பின்னாலிருந்து பார்க்கிற மாதிரி இருந்தது, திறந்தாலும் இருந்தது. மெய்யம்மை நிறுத்திவிட்டு, முன்னால் வந்து உட்கார்ந்தார். தாமரை நடந்ததையெல்லாம் சொன்னாள்.

மெய்யம்மை நடுவில் ஒரு இடத்திலும் சிரிக்கவில்லை. கும்பாபிஷேக மலரில்கூடச் சிரிக்கவில்லை. "உங்க அக்கா வாரா வாரம் பின்னாடி உக்காந்திருக்கறத பாத்துட்டு, அவங்களையே போடலாமான்னு நான்தான் கேட்டேன். அவங்கள வச்சுக்கிட்டே கேட்டேன். உங்கள தனியாக் கேட்டிருக்கணும். அது என் தப்பு" என்றார். அங்கேயே, தாமரை பார்க்க, அக்காவின் பெயரை எடுத்துவிட்டார். "இனிமே இத நீங்க மட்டும்தான் பாப்பீங்க."

பேரை எடுப்பது சுலபம். பார்வையை எடுக்க வாரக்கணக்கானது. தாமரை சனிக்கிழமை தவறாமல் போனாள், பேசினாள், சில நாள் அழுதுவிட்டு மட்டும் வந்தாள். பசையைத் தானே அலசிக்கொண்டாள், பின்தலையில் எப்போதும் கொஞ்சம் மிச்சம் நின்றது. மெல்ல மெல்ல ரயிலில் மறுபடி மாடு தெரிந்தது. வீட்டிலும் பட்டையை மாட்டத் தொடங்கினாள், எந்தக் குரலும் இல்லாமல். அக்கா மீதிருந்த கோபம் தினமும் ஒரே அளவில் இருக்கவில்லை. சில நாள் அக்காவின் கையும் வெந்நீரும் நினைவுக்கு வரும், அப்போது யார்மேல் கோபம் என்றே தெரியாமல் போகும்.

ஒரு மாலை அவள் பட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, கதவு லேசாகத் திறந்தது. மாதவி. இளைத்திருந்தாள், கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை. எப்போதும் ஏதாவது தூக்கிக்கொண்டு வருகிறவள் வெறுங்கையோடு வந்து நின்றதைப் பார்க்கத் தாமரைக்கு என்னவோ போல் இருந்தது.

"வரலாமா?"

"வா க்கா."

மாதவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். 

"என் கல்யாணத்துல என் மனசு எங்கயுமே வரல தாமர. அப்பாவும் அம்மாவும் பேசினாங்க, ஜோசியர் பேசினாரு, லோகன் வீட்ல பேசினாங்க. நான் ஒரு ஓரமா நின்னேன். லோகன் நல்லவரு, அது வேற விஷயம். உனக்காவது உன் மனச பாத்துச் செய்யணும்னு நெனச்சேன். அதுல ஏறி உக்காந்து, உன்னையே வுட்டுட்டேன். நீ தலை குளிக்கும்போது சொன்னத நான் அம்மாகிட்ட சொல்லவே இல்ல. சொன்னா இந்தச் சம்பந்தம் நடக்காதுன்னு தெரியும், அதான் சொல்லல. உன் நோயை மறைச்சேன். பொய் சொல்லி உன்ன சேலை கட்ட வச்சேன். என்ன மன்னிச்சிரு."

சாக்கு இல்லாத மன்னிப்பு. அந்த வீட்டில் அப்படி ஒன்றை யாரும் யாரிடமும் கேட்டதில்லை. தாமரைக்குள் இத்தனை வாரமாக இறுகிக் கிடந்தது கரைந்து இறங்கியது. ஓரமாக நின்ற கல்யாணப் பெண்ணாக அக்காவை அவள் அதுவரை நினைத்துப் பார்த்ததே இல்லை. அந்த நிமிடம் அவளிடம் கோபம் கொஞ்சம்கூட இல்லை. இதை அடித்துச் சொல்லலாம், ஏனென்றால் அவளுக்கே அது நன்றாகத் தெரிந்தது.

"கோவம் போச்சா?" என்று கேட்டாள் மாதவி.

"போச்சு க்கா. உண்மையா போச்சு."

சொல்லிவிட்டு அக்காவின் கண்ணைத் தேடினாள். அது தாமரையின் முகத்தின் மேல் இல்லை. மேசை மேல் நிமிர்த்தி வைத்திருந்த திரையில் இருந்தது. பேசினால் தாடை அசையும், தாடை அசைந்தால் நெற்றிப் பட்டை அதைப் பதற்றம் என்று எடுத்துக்கொண்டு வட்டத்தைச் சிவக்க வைக்கும். வட்டம் சிவந்திருந்தது.

"இல்ல, பொய் சொல்ற" என்றாள் மாதவி. கண்கலங்கி, ரொம்பப் பாசமாகத்தான் சொன்னாள். "எனக்காகச் சொல்ற. இன்னும் கோவமாத்தான் இருக்க."

தாமரை பட்டையைக் கழற்றினாள். திரையை அணைத்துக் கவிழ்த்து வைத்தாள். அக்காவைப் பார்த்தாள். அக்கா இன்னும் கவிழ்த்த திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா" என்றாள் தாமரை. "கோவமாத்தான் இருக்கேன்."

அதை மட்டும் மாதவி உடனே நம்பினாள்.